நீர் சொன்ன வெள்ளை

வீடெல்லாம் இன்னும் பெயின்ற் மணம். யன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. அந்த மணத்துக்குள் இருந்துதான் உமக்கு இதை எழுதுகிறேன், கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், நீர் சமைத்த குசினிச் சுவருக்கு மகன் பாலாடை நிறம் பூசிக்கொண்டு நிற்கிறான். வாளியில் ‘வோர்ம் நியூட்ரல்’ என்று போட்டிருந்தது. எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. ஆரைக் கேட்டு இதைத் தொடங்கினாய் என்று கத்தினேன்.

“அம்மாதானே சொன்னவ, அப்பா. ஹொஸ்பிட்டலிலை. வெள்ளை அடிக்கவேணும் எண்டு.”

தனி வெள்ளை கண்ணைக் குத்தும் என்று கடையில் சொன்னார்களாம். அதனால் இதை எடுத்தானாம். உம்முடைய கடைசி ஆசையாம்.

ஓம், நீர் சொன்னீர்தான். உம்முடைய கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்து நானும் கேட்டேன். வீட்டுக்குப் பச்சை பூசினாலும் ஊரில் நாங்கள் வெள்ளையடித்தாச்சு என்றுதான் சொல்வோம். இந்த நாட்டில், ஹோம்புஷில் வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? நீலம் என்று ஒரு சொல் சொல்ல உமக்கென்ன பஞ்சியும் சோம்பலும்?

அந்த நீலத்துக்காக என்னோடு எவ்வளவு சண்டை பிடித்தீர்! வாடகை வீடுகளில் ஓர் ஆணி அடிக்கவும் விடமாட்டார்கள். விசாவுக்குக் காத்திருந்தே காலம் போய், கடைசியில் பிளாக்டவுனில் இந்த வீட்டை வாங்கிய கிழமையே, பெயின்ற் கடையிலிருந்து நீல மாதிரி அட்டையொன்றைக் கொண்டுவந்து சுவிச்சுக்குப் பக்கத்தில் ஒட்டினீர். ஆசுப்பத்திரி மாதிரிக் குளிர்ந்து கிடக்கும், வேண்டாம் என்றேன்.

“பின்னேர வெயில் முழுக்க இந்தக் குசினிக்குள்ளதான். நான் வெந்து சாகிறன். சுவராவது குளிரட்டும்.”

அதற்குப் பிறகு நானும் ஓமென்றுவிட்டேன். ஆனால் பெயின்ற் வாங்க முன்னமே நீர் நோயில் படுத்துவிட்டீர்.

அந்த அட்டையையும் உரித்து எறிந்திருந்தான். குப்பைவாளிக்குள் கையை விட்டுத் தேடி எடுத்து, அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். கொம்மா சொன்னது நிறத்தை இல்லையடா, பெயின்ற் அடிக்கத்தான் சொன்னவ என்றேன். விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“அப்ப நான் அம்மாவைப் பிழையா விளங்கிட்டனா?”

 அட்டையை வாங்கிக்கொண்டு காரை எடுத்தான். வரும்போது கண் சிவந்திருந்தது. ஞாயிறு பின்னேரம் நாலு சுவரும் நீலம். வெயில் வந்து விழுந்தும் உள்ளே குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. நீர் வென்றீர், போம்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. அவன்மேல் கோபமில்லை, பாவம். உம்மேல்தான். நாளைக்கு நானும் அப்படியொரு கட்டிலில் கிடந்து எதையாவது சொல்வேன். அவனும் கையைப் பிடித்துக்கொண்டு கவனமாய்க் கேட்டு, வேறெதையோ செய்துவைப்பான். கொப்பர் சொன்னது அதில்லையடா என்று சொல்லப் பக்கத்துக் கதிரையில் ஓர் ஆள் வேண்டாமா? அந்தக் கதிரை உம்முடையதல்லவா? என்ன துணிவில் எழும்பிப் போனீர்?