அரைச் சுற்று திறந்த வால்வு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

போனில் பேசாமல் எழுதுவதற்கு மன்னித்துவிடு. உன் குரலைக் கேட்டால் எனக்கு வார்த்தை வராது. நீயும் "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவாய்.

நீ வேலை செய்யும் எரிவாயு ஆலை குறைந்த மின்சாரத்தில் ஓடும்படி புது வடிவமைப்பு போடும் குழுவில் நான் இருப்பது உனக்குத் தெரியும். வெளியே போகிற குளிர்ந்த வாயுவைக் கொண்டே உள்ளே வருகிற வாயுவைக் குளிர்விக்க வேண்டும். உங்கள் ஆலையில், வாயுவைக் குளிர்விக்காமல் சுற்றுவழியில் விடும் ஒரு பைபாஸ் வால்வு அரைச் சுற்று திறந்தே இருந்ததால், அந்தக் குளிர்ச்சியில் ஒரு பங்கு வீணானது. "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று அறிக்கையில் எழுதினேன். திறந்தது நீ என்பது, உன்னை ஸ்டோருக்கு மாற்றிய பிறகு அண்ணி சொல்லித்தான் தெரியும்.

நாம் இருந்த ஒற்றை அறை அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, நான் படிக்க லைட் எரியட்டும் என்று சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவாய். பக்கம் புரட்டும் சத்தம் நின்றால் மட்டும், "என்ன, தூங்கிட்டியா?" என்று சட்டைக்குள்ளிருந்து குரல் வரும்.

ஏன் திறந்தாய், அண்ணா?

உன் தங்கை

ஜனவரி 20

தங்கைக்கு,

எல்லாரும் நலம். ஸ்டோரில் நட்டு, போல்ட்டு அடுக்குகிறேன். அவை எதிர்த்துப் பேசுவதில்லை. கூட வேலை பார்த்தவன்தான், "தங்கச்சிய இன்ஜினியருக்குப் படிக்க வெச்ச, மொதல் குத்தத்தையே உன் மேல எழுதிட்டா" என்று சிரிக்கிறான்.

கேட்டதற்குப் பதில். குளிர் அதிகமான காலையில் அந்த வால்வை முழுக்க மூடினால், உள்ளே வருகிற வாயுவின் ஈரம் கட்டியாக உறைந்து குழாயை அடைத்துவிடும். அரைச் சுற்று திறந்தால் அடைக்காது. ஷிப்டில் நடந்ததைக் குறிக்கும் லாக் புத்தகத்தில் எழுதினால் யாரைக் கேட்டுத் திறந்தாய் என்பார்கள். அதனால் ஷிப்ட் மாறும்போது காதோடு காதாகச் சொல்லிக்கொள்வோம். உன் அறிக்கைக்குப் பிறகு மூடிப் பூட்டினார்கள். போன வாரம் குழாய் அடைத்து ஆலை இரண்டு நாள் நின்றது.

ஸ்டோருக்குப் போட்டதில் எனக்கு வருத்தமில்லை. அதிகாரிகளோடு நீ ஆலைக்கு வந்த அன்று, என் பக்கம் திரும்பாமலே போனாய். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

அண்ணன்

ஜனவரி 27

அன்புள்ள அண்ணா,

அன்று உன்னைப் பார்த்தேன். கூப்பிட வாய்வரை வந்தது. கூச்சத்தால்தான் கூப்பிடவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கூச்சம் மட்டும் இல்லை. நீ எண்ணெய்க்கறைச் சட்டையில் நின்றாய். என் பக்கத்தில் அந்த அதிகாரிகள் இருந்தார்கள்.

வடிவமைப்பை மாற்றிவிட்டேன். குழாய் அதிகம் குளிரும்போது மட்டும் வால்வு தானாகத் திறக்கும். மற்ற நேரம் மூடியிருக்கும். மின்சாரமும் மிச்சம், அடைப்பும் வராது. கவனக்குறைவு என்று எழுதியது என் தவறு என்று திருத்தமும் கொடுத்துவிட்டேன். மேலாளர் படித்துவிட்டு, "உன் தப்ப நீயே எழுதிக் குடுக்கறியேம்மா" என்றார். ஆமாம் என்றேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் குழுக் கூட்டம். பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அண்ணியின் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்.

கேட்க வந்ததை இவ்வளவு நேரம் தள்ளிவைத்துவிட்டேன். வியாழக்கிழமை ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கூட்டத்துக்கு வருவாயா? அரைச் சுற்று எதற்கு என்று அவர்களுக்கு நீ சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், இவர் என் அண்ணன் என்று நான் சொல்ல வேண்டும்.

உன் தங்கை