ஹெரானை நிறுத்திவிட்டார்கள்

செப்டம்பர் 9, 2024

சாலியமங்கலம் ரயில்வே கேட்டில் இன்றைக்கும் அது நடந்தது. கேட் மூடியிருந்தது. சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் என் வண்டியைப் பார்த்ததும் இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். கண்ணாடியை இறக்கி, "ஐயா, இது எங்க சொந்த வண்டிங்க" என்றேன்.

"சரிம்மா. யாரு தவறிட்டாங்க?" என்றார்.

பக்கத்து சீட்டில் இவர், என் வீட்டுக்காரர், சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். பின்னால் இருந்தது இவருடைய சக்கர நாற்காலியும் ஒரு மூட்டை அரிசியும்தான். எட்டு வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன். ஹெரான் என்று அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஸ்டேஷன் வேகன் என்று ஒரு வகை இருக்கிறது. கார்தான், பின்பக்கம் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். இந்த ஊரில் நீளமாக இருந்தால் ஒன்று ஆம்புலன்ஸ், இல்லாவிட்டால் பிணவண்டி.

செப்டம்பர் 10

"ஒரு துண்டுக்கு ஏன் மலரு இவ்வளவு கோவம்?" என்று காலையில் இவர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஒளிவிலகல் நடத்தும்போதுகூட அதே நினைப்பு.

ஏன் என்றால், இந்த வண்டிக்காக நான் எவ்வளவு அலைந்தேன் என்று யாருக்கும் தெரியாது. அம்மாபேட்டை ரோட்டில் இவர் பைக்கிலிருந்து விழுந்து ஒன்பது வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பாபநாசத்தில் பத்திரம் எழுதும் வேலையை விடமாட்டேன் என்றார். ஹெரானின் சீட் உயரமும் நாற்காலியின் உயரமும் ஒன்று. உள்ளங்கை இரண்டையும் ஊன்றி ஒரே நகர்வு, உள்ளே உட்கார்ந்துவிடுவார். யாரும் தொட வேண்டாம். நாற்காலி மடங்காத வகை. டிக்கி உள்ள காரில் அது நுழையாது. இதில் பின்கதவைத் திறந்து அப்படியே தள்ளிவிடலாம்.

ஒருமுறை வாடகைக்கு எடுத்த உயரமான வண்டியில் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டிரைவரும் இன்னொருவரும் கக்கத்திலும் முழங்காலிலும் பிடித்து இவரைத் தூக்கி வைத்தார்கள். அன்று முழுவதும் இவர் யாரிடமும் பேசவில்லை.

இப்போது இருப்பது பழைய ஹெரான், அதுவும் இரண்டாம் கையாக வாங்கியது. கியர்பாக்ஸ் இன்னும் ஒரு வருடம் தாங்கினால் அதிர்ஷ்டம் என்கிறார் மெக்கானிக். தீபாவளிக்கு ஆட்டோமேட்டிக் ஹெரான் வருகிறதாம். கிளட்ச் மிதிக்கும் என் இடது முட்டிக்கும் விடுதலை. அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

செப்டம்பர் 15

எங்கள் 'டெல்டா வேகன்' வாட்ஸாப் குழுவில் நாற்பத்து மூன்று பேர். வருடத்துக்கு ஒரு ஞாயிறு தாராசுரத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்போம். நான்தான் அட்மின். இன்று புதிதாக ஒருவர் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருந்தார். பகலவன், கும்பகோணம். "நானும் ஹெரான்தான் வச்சிருக்கேன், சேத்துக்குங்க" என்று எழுதியிருந்தார். படத்தைப் பார்த்தால் வெள்ளை ஹெரான், முன்னால் மாலை, பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 'அமரர் ஊர்தி'.

பட்டுக்கோட்டை தியாகராசன் அண்ணனுக்கு அனுப்பிக் கேட்டேன். தேங்காய் வியாபாரி, குழுவிலேயே அதிகம் பேசுகிறவர். "டீச்சர், இந்தாளச் சேத்தா நம்ம மானம் கப்பலேறிடும்" என்றார்.

கேட்டில் நின்ற பெரியவர் நினைவுக்கு வந்தார். இந்த மாதிரி ஆட்களால்தானே நமக்கு இந்தப் பெயர்? நிராகரித்துவிட்டேன்.

அக்டோபர் 3

நிறுத்திவிட்டார்கள். ஆட்டோமேட்டிக் இல்லை, சாதாரணமும் இல்லை. ஹெரானே இனி இல்லை.

அக்டோபர் 5

'வாடிக்கையாளர்களின் விருப்பம் மாறிவிட்டது' என்று கம்பெனியில் அறிக்கை விட்டிருக்கிறார்கள். எந்த வாடிக்கையாளர்? என்னைக் கேட்டானா? இவரைக் கேட்டானா? ஏணி வச்சு ஏறுற மாதிரி வண்டியா செஞ்சு தள்ளுறானுங்க, அதுதான் எல்லாருக்கும் புடிக்குதாம்!

கோபத்தோடு தஞ்சாவூர் ஷோரூமுக்குப் போனோம். ஹெரான் ஒன்றுகூட மிச்சமில்லை. விற்பனையாளர் எங்களை ஒரு பெரிய எஸ்யூவி பக்கம் கூட்டிப்போனார். ஓட்டப்போவது நான் என்று இரண்டு முறை சொல்லியும், "சார், ஏறிப் பாருங்க சார்" என்று இவரிடமே பேசினார். பிறகுதான் நாற்காலியைப் பார்த்தார்.

"பிரச்சினை இல்ல சார், நம்ம ஸ்டாஃப் ரெண்டு பேரு தூக்கி உக்கார வச்சிடுவாங்க."

"அந்த ரெண்டு பேரையும் வண்டியோட சேத்துக் குடுத்துடுவீங்களா தம்பி?" என்றார் இவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 13

மனு தயார். தியாகராசன் அண்ணன் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். 'எங்கள் நெஞ்சில் இடி' என்ற வரியை மட்டும் அடித்தேன். நாற்பத்து மூன்று கையெழுத்தும் வந்துவிட்டது.

அக்டோபர் 31

தீபாவளி. ஆட்டோமேட்டிக் ஹெரான் வந்திருக்க வேண்டிய நாள். முறுக்கைக் கருகவிட்டேன்.

நவம்பர் 10

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மனுவைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து கம்பெனி அதிகாரி ஒருவர் வந்தார். தஞ்சாவூர் ஷோரூமில் கூட்டம். நாங்கள் முப்பது பேர் போனோம். தியாகராசன் அண்ணன் பேசினார், நானும் பேசினேன். தாழ்வான தரை, சீட் உயரம், இவர் தானே ஏறி உட்காருவது, எல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள். அதிகாரி நல்ல மனிதர், நாற்பது நிமிடம் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள்ல ஷோரூம்ல புதுசா ஹெரான் வாங்கினவங்க மட்டும் கொஞ்சம் கை தூக்குங்களேன்."

ஒருவர் கையும் எழவில்லை. தியாகராசன் அண்ணன் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். நான் மேஜையைப் பார்த்தேன். எல்லோருமே இரண்டாம் கை, மூன்றாம் கை. இரண்டு வருடத்துக்கு முன் புது ஹெரான் வந்தபோது விலை இறங்கட்டும் என்றேன். அப்புறம் ஆட்டோமேட்டிக் வரட்டும் என்றேன். பணம் இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது, கடன் கிடைத்திருக்கும். காத்திருந்தேன். காத்திருந்துகொண்டே மற்றவர்களுக்கு ஹெரானைப் பற்றிப் பாடம் எடுத்தேன். எங்களை மாதிரி ரசிகர்கள் வாய்த்தால் எந்த வண்டிதான் உருப்படும்?

அப்போது கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. வெள்ளைச் சட்டை, ஐம்பது வயது இருக்கும். சர்வீசுக்கு வண்டி விட வந்தவர், கூட்டம் என்றதும் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"மூணு வாங்கியிருக்கேன் சார். பகலவன், கும்பகோணம்."

அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இந்த மாவட்டத்துல ரெண்டு வருஷத்துல வித்ததே மூணுதான். மூணும் சாருதான் வாங்கியிருக்காரு."

நான் சேர்க்காமல் விட்ட பகலவன். வெளியே வந்தபோது என்னிடம், "நல்லாப் பேசுனீங்க டீச்சர்" என்றார். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 14

தியாகராசன் அண்ணன் எஸ்யூவி பதிவு செய்திருக்கிறார். கூட்டம் நடந்த அன்றே, அதே ஷோரூமில். போன் பண்ணிக் கேட்டேன். "தோப்பு ரோட்டுல அடி தட்டுது டீச்சர், என்ன பண்ணச் சொல்றீங்க?" நாலு பக்கம் எழுதுன மனுசன்!

நவம்பர் 27

அடைமழை. வயலும் வாய்க்காலும் ஒன்றாகக் கிடக்கின்றன. அலுவலகத்திலிருந்து இவரைக் கூட்டிவரும் வழியில் கியர்பாக்ஸ் போய்விட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. நெல் ஏற்றப் போன ஒரு லாரிதான் நின்றது. டிரைவரும் கிளீனரும் இவரைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். நல்லவர்கள், பார்த்துத்தான் தூக்கினார்கள். வேட்டி விலகியது. நான் குடையைப் போட்டுவிட்டு வேட்டியைப் பிடித்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

டிசம்பர் 4

ஒரு வாரமாக இவர் வேலைக்குப் போகவில்லை. பழைய வண்டிக்கு இனி கியர்பாக்ஸ் கிடைக்காது என்கிறார் மெக்கானிக். "வீட்லேயே எழுதிக்கிறேன், இங்க வரச்சொன்னா வருவாங்க" என்கிறார். வருவார்கள். அதுவல்ல விஷயம் என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 8

பஸ் பிடித்துக் கும்பகோணம் போனேன். பகலவன் கடை வாசலில் மூன்று வெள்ளை ஹெரான்களும் துடைத்து நிறுத்தியிருந்தன. எங்கள் குழுவில் யார் வண்டியும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

"உங்கள குரூப்ல சேக்காம விட்டது நான்தாங்க" என்றேன் முதலிலேயே.

"தெரியும் டீச்சர். அட்மின்னு உங்க பேருதானே போட்டிருந்துச்சு."

"கோவம் இல்லீங்களா?"

"கோவப்பட்டு? எங்கள யாரு சேத்துக்கறாங்க? ஆசையா இருந்துச்சு, கேட்டேன்." டீ வாங்கிவரச் சொன்னார்.

எல்லோரும் வேன் வைத்திருக்க, அவர் மட்டும் ஏன் ஹெரான் வாங்கினார் என்று கேட்டேன். எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்து காட்டினார். இழுத்தால் வெளியே வரும் தட்டு ஒன்று, சக்கரம் வைத்தது.

"தரை தாழ்வா இருக்கு பாருங்க. வேன்ல ஏத்தணும்னா நாலு பேரு நெஞ்சு மட்டத்துக்கு ஒசத்தணும். மூட்டை மாதிரி ஆயிடும் டீச்சர். உசுரு போயிட்டா என்ன, அவங்களுக்கு மரியாதை இல்லியா?"

கூட்டத்தில் நான் பேசியதும் இதுதானே. பகலவன் ஏன் அன்று கடைசி வரை உட்கார்ந்து கேட்டார் என்று புரிந்தது.

நான் கேட்க வந்ததை அவரே சொன்னார். மூன்றில் பழையதை விற்கப் போகிறாராம், எனக்குத் தருவாராம். "ஆனா யோசிச்சுக்குங்க. அதுல நானூறு பேருக்கு மேல போயிருக்காங்க. வீட்ல சாரைக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

டிசம்பர் 9

இவரிடம் சொன்னேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். "சீட் ஒசரம் அதேதானா?" என்றார்.

"அதேதான்."

"நானூறு பேருல ஒருத்தரும் குறை சொல்லலியே. வாங்கு."

டிசம்பர் 11

நாத்தனார் ஈஸ்வரி போனில் அழுது தீர்த்தாள். "எங்க அண்ணன உசுரோட அதுல ஏத்தப் போறியா?" ஆமாம், உயிரோடுதான். உயிரோடு இருக்கும்போதே மரியாதையாகப் போகட்டும் என்றுதான்.

ஜனவரி 21, 2025

வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு மாற்ற ஒரு மாதம் ஆகிவிட்டது. பட்டா மாற்றுவதே தேவலை என்கிறார் இவர், எல்லா மனுவையும் அவரே எழுதினார். பக்கவாட்டு எழுத்தைச் சுரண்டி எடுத்தும் அதன் தடம் போகவில்லை. வெயில் பட்டால் தெரிகிறது. முழுதாகப் பெயின்ட் அடிக்கலாமா என்றேன். இவர் வேண்டாம் என்றார்.

பகலவனைக் குழுவில் சேர்த்தேன். பத்து நிமிடத்தில் பதினொரு பேர் வெளியேறினார்கள். முதல் ஆள் தியாகராசன் அண்ணன். எஸ்யூவி வாங்கியவர் இவ்வளவு நாள் வேகன் குழுவில் என்ன செய்துகொண்டிருந்தாரோ.

பிப்ரவரி 10

காலையில் இவர் நாற்காலியைக் கதவோரம் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளங்கை இரண்டையும் ஊன்றினார். ஒரே நகர்வு. நான் தட்டை இழுத்து நாற்காலியை ஏற்றி, ஒரு கையால் உள்ளே தள்ளினேன். கிளட்ச் மிதித்தால் முட்டி வலிக்கிறது. வலிக்கட்டும்.

சாலையில் பாதிக்கு மேல் சம்பா நெல் காய்ந்தது. கேட் மூடியிருந்தது. அதே பெரியவர், அதே சைக்கிள். வண்டியைப் பார்த்ததும் இறங்கித் துண்டை எடுத்தார். பிறகு பக்கவாட்டில் இருந்த எழுத்துத் தடத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். நான் கண்ணாடியை இறக்கவில்லை. இவர் இறக்கினார்.

"யாரு தவறிட்டாங்க தம்பி?"

"இன்னிக்கு யாரும் இல்லீங்க. நான் வேலைக்குப் போறேன்."

பெரியவர் இவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கேட் திறந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் நின்ற டிராக்டரைக் கை காட்டி நிறுத்திவிட்டு, எங்களை முதலில் போகச் சொன்னார்.