பன்னிரண்டாம் பக்கம்

என் வீட்டு அதிகாரிக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம். நம் வாயாடிக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. பல் போனாலும் வாய் குறையவில்லை. விழுந்த பற்களைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். போனில் காட்ட மாட்டாளாம், அம்மாவுக்கு நேரில்தான் காட்டுவாளாம்.

அலுவலகத்தில் மூன்று வாரமாக மூச்சுவிட நேரமில்லை. எங்கள் பெரிய கணினியில் உள்ள காப்பீட்டுப் பதிவுகளைத் தினமும் காந்த நாடாவில் நகலெடுத்து வைப்போமே, அதற்குப் புதிதாக ஓர் அலமாரி வருகிறது. உள்ளே ஓர் இயந்திரக் கை நாடாவைத் தானே எடுத்துச் செருகி, தானே திரும்ப வைக்கும். அதை இயக்கும் மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. எதை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்டேன். "எல்லாத்தையும் எப்பவும் வெச்சிருக்கணும்" என்றார்கள். அலமாரி என்ன கடலா? கெஞ்சிக் கூத்தாடித்தான் ஆளுக்கொரு கெடு வாங்கினேன்.

பதினோரு பக்கம் எழுதி, மார்தட்டிக்கொண்டு போய் நாடா அறை அக்காவிடம் நீட்டினேன். இருபது வருடமாக அந்த நாடாக்களைக் கையால் மாற்றி வருபவர். நின்றபடியே படித்து முடித்தார். "எடுத்து வைக்கிறதுக்குப் பதினோரு பக்கம் எழுதியிருக்கீங்க தம்பி. திரும்பக் கொண்டு வர்றதுக்கு ஒரு வரிகூட இல்லையே" என்றார். மார்தட்டிய கையாலேயே தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால், நீ வேலைக்காக வெளிநாடு கிளம்பும் முன் நாம் உட்கார்ந்து எழுதிய பட்டியல் குளிர்பெட்டிக் கதவில் அப்படியே இருக்கிறது. பள்ளி வண்டி தவறினால் யாரைக் கூப்பிடுவது, இருமலுக்கு எந்த மருந்து, எந்தக் கிழமை நீ பேசுவாய். இரண்டு பக்கம். நீ திரும்பும் நாள் மட்டும் அதில் இல்லை. இரண்டு வருடம்தானே, அதையும் எழுத வேண்டுமா என்று விட்டுவிட்டோம்.

போன வாரம், இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டாய். "உன் இஷ்டம்" என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன், அவ்வளவுதான். நீ அனுப்பிய குரல்பதிவு ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. துணி மடிக்கும்போது போட்டுக் கேட்கிறேன். கேட்டு முடித்ததும் வீடு இன்னும் பெரிதாகிவிடுகிறது.

இன்று பன்னிரண்டாம் பக்கத்தை எழுதிக் கொடுத்தேன். மாதம் ஒருமுறை, வைத்ததைத் திரும்பக் கொண்டுவந்து சரிபார்க்க வேண்டும் என்று. அக்கா ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வந்த கையோடு நம் பட்டியலின் அடியிலும் 'அம்மா வரும் நாள்' என்று எழுதி, எதிரே இடம் விட்டிருக்கிறேன். வாயாடி பக்கத்திலேயே ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்.

அந்த வேலை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன். கையெழுத்துப் போடாதே. அவளுக்குப் புதுப்பல் முளைப்பதற்குள் வந்துவிடு.

"உன் இஷ்டம்" என்று சொன்ன முட்டாள்,
உன் கணவன்