சனிக்கிழமை யார் முறை?

ஜூன் 4

வாண்டு அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாகவே இருப்பீர்கள். என் சமையலும் இல்லை, என் வாயும் இல்லை. போனில் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வருகிறதென்று ஒருவர் எண்ணை ஒருவர் பிளாக் செய்துகொண்ட பிறகு, தபால்காரர்தான் நமக்குத் தூது.

ஒரு குறை சொல்ல வேண்டும். சனிக்கிழமை மட்டும் பையன் உங்களோடு என்றுதானே பிரியும்போது பேச்சு? இப்போது வெள்ளி மாலையே "அப்பா வரச் சொன்னாரும்மா" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். ஞாயிறு இருட்டியபின் வருகிறான், சட்டையெல்லாம் சிகரெட் நாற்றம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஊரார் துணியை வெளுக்கிறவள் நான், எனக்கா தெரியாது? பதினைந்து வயசுப் பிள்ளை முன்னால் புகைக்காதீர்கள். புது ஷூ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். செல்லம் கொடுக்க நீங்கள், திட்டு வாங்க நான். நன்றாயிருக்கிறது நியாயம்!

வாண்டு அம்மா

ஜூன் 14, வெள்ளி

அடியே,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. என்ன ஷூ? நான் சிகரெட்டை விட்டு எவ்வளவோ நாளாகிறது. பையன் இந்தப் பக்கம் வந்தே மூன்று மாதமாகிறது. "அம்மா டியூஷன் சேத்துட்டாங்கப்பா, சனி ஞாயிறும் கிளாஸ்" என்றான். நீதான் அவனை என்னிடமிருந்து பிரிக்கிறாய் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். உன்னிடம் போய்க் கேட்பதா என்கிற வறட்டு கௌரவம்.

அப்படியென்றால் இத்தனை வாரமும் அவன் எங்கே தூங்கினான்?

உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். வீடு பூட்டியிருக்கிறது. நீ இரவு ஷிப்டுக்குப் போயிருப்பாய், அவன் அதற்கு முன்பே கிளம்பியிருப்பான். உன் எண்ணுக்கும் போகவில்லை. இதைக் கதவுக்கடியில் செருகுகிறேன். தேடிப் போகலாமென்றால் என் லிப்ட் கம்பெனியிலிருந்து அழைப்பு. அடுக்குமாடியில் லிப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே ஆள் மாட்டியிருக்கிறாராம். பயல்கள் கதவில் தீக்குச்சி செருகிச் செருகி அதைப் பாழாக்கிவிட்டார்கள். யார் பெத்த பிள்ளைகளோ, கேட்க நாதியில்லை. அதைச் சரிசெய்துவிட்டு இவனைத் தேடுகிறேன். பயப்படாதே.

வாண்டு அப்பா

ஜூலை 2

உங்களுக்கு,

நீங்கள் செருகிய கடிதத்தை மறுநாள் காலையில்தான் பார்த்தேன். அதற்குள் போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

நேற்று சிறுவர் கோர்ட்டு விசாரணையில் மாஜிஸ்திரேட் அம்மாள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அன்னிக்குப் பையன் யார் பொறுப்புல இருந்தான்?" நான் உங்களைக் காட்டினேன். நீங்கள் என்னைக் காட்டினீர்கள். வாண்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கலாம்.

கட்டி முடிக்காத கட்டடத்தில், தன்னைவிடப் பெரிய தடியன்களோடு படுத்திருக்கிறான். மழை பெய்தபோதும். உங்கள் வீட்டில் இருக்கிறான் என்று நான் நிம்மதியாகச் சோறு தின்றேன்.

அவன் அம்மா

ஜூலை 9

உனக்கு,

திட்டு. நன்றாகத் திட்டு. உன்னைத் தவிர இதைச் சொல்ல எனக்கு ஆளில்லை.

அன்று அந்த லிப்ட் கதவைத் திறந்தவன் நான். உள்ளே ஒரு தையல்காரர் மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், தைத்த துணிப்பொட்டலம் மடியில். மேல்மாடியில் கொடுக்க வந்தவர். இருதய நோயாளி. உள்ளிருந்து தட்டியிருக்கிறார், கெஞ்சியிருக்கிறார். "உள்ள கச்சேரி நடக்குதுடா" என்று, தீக்குச்சி செருகிய பயல்கள் வெளியே நின்று சிரித்திருக்கிறார்கள். நான் நெஞ்சை அழுத்திப் பார்த்தேன், மூச்சு வரவில்லை. கீழே இறங்கினால் காவலாளி நாலு பேரைப் பிடித்து வைத்திருக்கிறான். நடுவில் நம் பிள்ளை. என்னைப் பார்த்ததும் "அப்பா, சும்மா விளையாட்டுக்குப்பா" என்றான். ஐயோ, அந்தக் குரல் இன்னும் குழந்தைக் குரலடி!

அவனை வைத்திருக்கும் சிறுவர் கூர்நோக்கு இல்லத்து அதிகாரியைப் பார்த்தேன். நாம் இருவரும் ஒரே வீட்டிலிருந்து பொறுப்பேற்றால், வழக்கு முடியும்வரை அவனை நம்மோடு அனுப்பச் சிபாரிசு செய்கிறேன் என்கிறார். நான் தயார். நீ கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டேன். அவனிடம் நீயே சொல், நீ சொன்னால் சந்தோஷப்படுவான். நான் வீடு பார்க்கட்டுமா?

அவன் அப்பா

ஜூலை 17

உங்களுக்கு,

நேற்று இல்லத்துக்குப் போய்ச் சொன்னேன். அப்பாவும் நானும் ஒரே வீட்டில் இருக்கப்போகிறோம், நீ வரலாம்டா என்றேன். துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"வேணாம்மா. நான் இங்கயே இருந்துக்கிறேன்."

ஏன்டா கண்ணு, யாராவது மிரட்டுகிறார்களா, அடிக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "இங்க ராத்திரி ஒருத்தர் வந்து, நான் படுக்கையில இருக்கேனான்னு பாத்துட்டுப் போறாரும்மா."

மூன்று மாதம் பெற்ற நாம் இருவரும் செய்யாததை அவர் செய்கிறார். அவன் தலையைத் தடவிவிட்டு எழுந்து வந்தேன்.

வீடு பார்க்க வேண்டாம்.

அவன் அம்மா