முதல் வரிசை

அன்புள்ள மாமாவுக்கு,

பள்ளி விழாவில் சுகாதார நிதி அதிகாரியான உங்களுக்கு நான்தான் வரவேற்புரை வாசிக்கிறேன். "மாமாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுடி" என்றாள் அம்மா. எழுதிவிட்டேன். எல்லாம் உங்கள் வார்த்தைகளே.

நம் ஊர் சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டி பழுதானபோது நர்ஸ் அக்கா நிதி கேட்டு எழுதிய கடிதத்தில், "அவசரம் இல்லை, பிறகு பார்க்கலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். நர்ஸ் அக்கா தந்த நகல் என் பூகோளப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது.

ஆறு மாதம் ஊசியே இல்லை. தம்பிக்குத் தட்டம்மை வந்தது. காய்ச்சல் இறங்கியபோது காது கேட்கவில்லை.

அவனை முதல் வரிசையில் உட்கார வைப்பேன். இப்போது உதடுகளைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறான். நான் வாசித்து முடித்ததும் நீங்கள் பதில் சொல்ல வேண்டுமே. நிதானமாகச் சொல்லுங்கள், மாமா. அவன் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்