ஆமை ஸ்பெஷலிஸ்ட்

மார்ச் 10, திங்கள்

காலையிலேயே அனல். மருந்தகத்தில் ஆட்டுக்குட்டிகளுக்குத் தடுப்பூசி. மின்விசிறி மறுபடி ரிப்பேர்.

மண்டபம் ஊர் வனத்துறை அலுவலகத்திலிருந்து வனவர் போன். "மேடம், ஆமை ஸ்பெஷலிஸ்ட் நீங்கதான?"

சிரித்துவிட்டேன். போன வருடம் ஒரு நாள் பயிற்சி, அவ்வளவுதான். அதிலும் பாதி நேரம் சாப்பாடு. "நான் ஆட்டு டாக்டர் சார்."

"சென்னை டாக்டர் வர ரெண்டு மூணு நாளாகுமாம். அதுவரைக்கும் தாங்காது போல மேடம்."

போனேன். பேராமை, பாசி தின்னும் பச்சைக் கடலாமை. தொட்டிக்குள் அசையாமல் கிடந்தது. வாயிலிருந்து தூண்டிலின் நைலான் நரம்பு தொங்கியது. கொண்டுவந்த மீனவர் பக்கத்திலேயே நின்றார். "வலையில ஏறுச்சு டாக்டரம்மா. அப்படியே கடல்ல விட்டுட்டு வர மனசு கேக்கல."

வாயைத் திறந்து டார்ச் அடித்தேன். தொண்டை முழுக்க முள் முள்ளாக. ஏதோ பெரிய வியாதி என்று பதறி, சென்னை டாக்டருக்கு வீடியோ கால். அவர் நிதானமாக, "கடலாமைக்குத் தொண்டையே அப்படித்தாங்க. நரம்பை மட்டும் இழுத்துடாதீங்க" என்றார். முகம் சூடேறியது. முட்களுக்கு நடுவே கொக்கி தெரிந்தது. மயக்க மருந்து ராமநாதபுரத்திலிருந்து வர வேண்டும். நாளை காலை எடுப்பதென்று முடிவு.

வாங்க வேண்டியது: நீள இடுக்கி, கம்பி வெட்டும் கட்டர், டார்ச் பேட்டரி. வீட்டுக்குப் பால்.

சாயங்காலம் வீட்டில் இவரிடம் கேட்டேன். தமிழாசிரியர் ஆயிற்றே. நிபுணர் என்றால் சரியாக என்ன?

"ஒரே துறையில ஊறிப்போனவுக. கைதேர்ந்தவுகன்னா செஞ்சு செஞ்சு கை பழகினவுக. நீ எதுல ஊறுன?"

"ஆட்டுல."

அவர் சிரித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமா, ஆசையா, தெரியவில்லை. நாளைக்கு எப்போது விடியும் என்றிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

எடுத்துவிட்டேன்.

வரிசையாக எழுத வரவில்லை. சென்னை டாக்டர் வீடியோவில். மருந்தளவு அவர் சொன்னது. வனவரும் மீனவரும் ஆளுக்கொரு துணிப்பட்டையால் தாடையைப் பிடித்துக்கொண்டார்கள். கொக்கி நான் நினைத்ததைவிட உள்ளே. ஒரு கணம் முடியாது என்றே சொல்லிவிட்டேன்.

சென்னை டாக்டர், "ஆட்டுத் தொண்டையில சிக்குனதை எடுத்திருக்கீங்களா?"

"நிறைய சார். பனங்கொட்டை, கயிறு, ஒரு தடவை ஸ்பூன்."

"அப்பப் பயப்படாதீங்க. ஆமைக்கு நான் ஸ்பெஷலிஸ்ட். தொண்டைக்கு நீங்க."

மறுபடி இடுக்கியை எடுத்தேன். கொக்கியை முன்பக்கமாகத் தள்ளி, முனையை வெட்டி, மெதுவாக வெளியே. ரத்தம் கொஞ்சம்தான். மீனவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

வனவர் போன்: கடல்பாசி தின்கிறதாம். மருந்தகத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

சென்னை டாக்டர் கேட்கிறார், கடலுயிர் மருத்துவத்தில் ஆறு மாதப் பயிற்சி, வருகிறீர்களா என்று. இவர் உடனே, "போயிட்டு வா. வீட்ட நான் பாத்துக்கிறேன்." விண்ணப்பம் அனுப்பியாயிற்று.

மார்ச் 20, வியாழன்

காற்று குறைவு. கடல் அமைதி. ஆமையை விட்டோம். தண்ணீர் தொட்டதும் துடுப்புகளை ஓங்கி ஒரு அடி, என் சேலையெல்லாம் மணல். போட்டோ எடுக்க மறந்தேன். மீனவர் கையெடுத்துக் கும்பிட்டார், என்னையா கடலையா தெரியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

பேப்பரில் செய்தி. 'ஆமை நிபுணர்' என்றே போட்டுவிட்டார்கள். பயிற்சி இன்னும் தொடங்கவே இல்லை.

மருந்தக வாசலில் வயிறு உப்பிய வெள்ளாட்டோடு ஒரு அம்மா. உள்ளே வரத் தயங்கி கம்பவுண்டரிடம், "ஆமை டாக்டரு ஆட்டையும் பாப்பாகளா?"

கூப்பிட்டு உட்காரச் சொன்னேன்.