பேக்கிங் ஹாலில் உனக்கு வேர்த்தபோது

என் அருமை அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் நல்ல காற்று வீசட்டும். இங்கே எனக்குக் காற்றே போதவில்லை.

நாற்பத்தொன்பது முடிந்துவிட்டது எனக்கு. பத்து மாதமாக விலக்கு தாறுமாறாக வருகிறது. ஒரு மாதம் எட்டிப் பார்க்காது, மறு மாதம் பதினைந்து நாள் நிற்காது. திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக முகத்துக்கு ஏறுகிறது. இரண்டே நிமிடத்தில் ஜாக்கெட் தொப்பலாகிவிடுகிறது. பிறகு குளிர்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வயசானா அப்டித்தான். மொதல்ல அந்த ஃபேன நிறுத்து, குளுருது" என்றார். பிள்ளைகள் இருவரும் சென்னையில். வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

மடுகரைப் பக்கத்து மாத்திரைக் கம்பெனியில்தான் இன்னும் இருக்கிறேன். பண்டசோழநல்லூரிலிருந்து நாம் இருவரும் ஒரே வேனில் போய்வந்தோமே, அதே கம்பெனி, அதே பேக்கிங் ஹால். தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை, கழுத்திலிருந்து முழங்கால்வரை கவுன். அதற்குள் இந்தச் சூடு வந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் அன்றைக்குத் தெரியவில்லை.

ஆறு வருடமாகிறது. நான் லைன் சூப்பர்வைசர், நீ என் லைனில் பெட்டி அடுக்குகிறவள். ஒரு மணி நேரத்துக்குள் மூன்றாவது முறையாக எழுந்தாய்.

"மறுபடியும் எங்க போற?" என்றேன்.

"உடம்பு கொதிக்குதுடி. துணியும் மாத்தணும். அஞ்சே நிமிசம்."

"எல்லாருக்குந்தான் வேக்குது. அக்கான்னு உன்ன மட்டும் உட்டா மத்தவங்க இன்னா நெனப்பாங்க? உக்காரு."

முப்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ உட்கார்ந்தாய். ஷிப்ட் முடிந்து எழுந்தபோது உன் கவுனின் பின்பக்கம் கறை. நான் பார்த்தேன். பார்க்காதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் வேனில் உன் இடம் காலியாக இருந்தது. அதன்பிறகு நீ கம்பெனிக்கு வரவே இல்லை.

அதற்குப் பிறகும் பொங்கலுக்கு வந்தாய், என் மகன் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாய். எல்லாம் பேசினோம், அந்த நாளைத் தவிர. நாலு வருடம் கழித்து ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றவள், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டாய். நானாகப் பேச்சை எடுத்திருந்தால் திட்டியிருப்பாயா அக்கா? இல்லை, சிரித்திருப்பாயா?

போன மாதம் நடந்ததைக் கேள். புது பேட்ச் ஆரம்பிக்கும்போது பெட்டியில் அச்சாகி விழும் காலாவதித் தேதியைப் பேப்பரோடு ஒத்துப்பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். சரியாக அந்த நேரம் சூடு ஏறியது. கண்ணில் வேர்வை இறங்கி எரிந்தது. நன்றாகப் பார்த்தேன் என்றுதான் நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். நானூறு பெட்டி ஓடிய பிறகு என் லைன் கலைவாணி கத்தினாள்.

"மேடம், மிசினை நிறுத்துங்க! வருசம் தப்பா வுழுது!"

நல்லவேளை, ஒரு பெட்டியும் வெளியே போகவில்லை. யாரோ ஒரு நோயாளி கைக்குப் போயிருந்தால்?

மேனேஜர் விளக்கம் எழுதித் தரச் சொன்னார். கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதிவிட்டு வந்திருக்கலாம். பேனாவை எடுத்ததும் உன் கவுன்தான் கண்முன் வந்தது. எனக்கு மாதவிலக்கு நிற்கும் பருவம், இன்னின்ன தொல்லை இருக்கிறது என்று எழுதினேன். இதே ஹாலில் இதே தொல்லையோடு ஒரு பெண் ஐந்து நிமிடம் கேட்டபோது நான் மறுத்தேன், அதுவும் என் தவறு என்றும் எழுதினேன்.

மேனேஜர் படித்துவிட்டு நிமிரவே இல்லை. "இதெல்லாம் எழுதணுமா மேடம்? உடம்பு சரியில்லன்னு போட்டா போதாதா?"

"நெசம் இதான் சார்."

மெமோ கொடுத்தார். கூடவே, தேதியை இனி இரண்டு பேர் பார்க்க வேண்டும், தேவைப்படுகிறவர்கள் கேட்டால் பத்து நிமிடம் வெளியே போய்வரலாம் என்றும் உத்தரவு போட்டார். ஆனால் விஷயம் ஹால் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரில் யாரும் உட்காரவில்லை. சிலர் சிரித்தார்கள். டப்பாவைத் திறந்து நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன்.

எட்டாம் நாள், வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜேஸ்வரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள், குரலே எழும்பாமல் சொன்னாள். "எனக்குந்தான். ரெண்டு வருசமா." அவ்வளவுதான். அப்புறம் இருவரும் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

இன்னும் ஒன்று உன்னிடம் சொல்ல வேண்டும். உன் பதினாறாம் நாள் காரியத்தன்று உன் மகள் மலர் என்னிடம் கேட்டாள். "சித்தி, அம்மா ஏன் வேலைய உட்டுச்சு? அப்பா சோம்பேறித்தனம்னு சொல்லுது. நெசமா?" நான் வாயைத் திறக்கவில்லை. என் மௌனத்தை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பாகூருக்கு அவள் வீட்டுக்குப் போகிறேன். உன்னை உட்கார வைத்தது நான்தான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் என்னைத் திட்டட்டும், வாசலோடு அனுப்பட்டும். அவள் அம்மா சோம்பேறி இல்லை என்பதைச் சொல்லாமல் திரும்ப மாட்டேன். இது சத்தியம்.

உன்னோடு கூடப்பிறந்தும் உனக்கு என்னவென்று கேட்காமல் போன,
தங்கச்சி வசந்தா